கத்திரி வெயிலும் ஒரு பாட்டில் தண்ணீரும்

மூன்றாமாண்டு மாணவி, சிவில் பிரிவு



"இந்தியாவுக்கு எப்போது வரலாம்?" என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால், சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லும். நவம்பரில் வாருங்கள், பிப்ரவரிக்குள் ஊர் திரும்பிவிடுங்கள், ஏப்ரல் மே பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்!

அவர்களுக்கென்ன, நாள் பார்த்து வருகிறார்கள். நமக்கு? பள்ளிக்கூடம் விடுமுறை விடுவது மே மாதம். செமஸ்டர் முடிவது மே மாதம். கல்யாண முகூர்த்தம், குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, தம்பிக்குக் கல்லூரி விண்ணப்பம், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து... எல்லாம் அக்கினி நட்சத்திரத்தில்தான். ஆக, வருஷத்தில் எந்த மாதம் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதோ, அந்த மாதத்தில்தான் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறது.

நானும் ஏறினேன். போன வருஷம் மே மாதம், தேர்வு முடிந்து விடுதியைக் காலி செய்துவிட்டு, வேலூர்ப் பக்கத்திலிருந்து பரமக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு. அந்த ஒரு நாள் பயணத்தில் கற்றுக்கொண்டதை இந்த மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று ரொம்ப யோசித்தேன். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று என் அறைத்தோழியே கேட்டாள். எழுதாமல் இருந்ததால்தானே இது இப்படியே இருக்கிறது என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

முதலில் வெயிலைப் பற்றிக் கொஞ்சம். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருபத்துமூன்றரை டிகிரியில் ஓடுகிறது கடக ரேகை. அதற்குத் தெற்கே இருப்பதெல்லாம் வெப்ப மண்டலம். தமிழ்நாடு 8 டிகிரிக்கும் பதின்மூன்றரை டிகிரிக்கும் நடுவில், முழுக்க அதற்குள்ளே இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. சென்னையில் முதல் முறை ஏப்ரல் கடைசி வாரத்தில். அன்றைக்கு உச்சிப் பொழுதில், செங்குத்தாக நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அதற்குப் பிறகும் பூமி சூடேறிக்கொண்டே போகும். மே 4 வாக்கில் கத்திரி பிறக்கிறது, 28 வாக்கில் முடிகிறது என்று பஞ்சாங்கம் சொல்லும். ஆனால் வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்து மூன்று நாள் கழித்து!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்குப் பஸ். "ஏய், தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று விடுதி வாசலில் தோழி கேட்டாள். எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் பாட்டில், கழுத்து வரை நிரப்பியது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்கிறேன். அது குடிப்பதற்காக எடுத்துக்கொண்டது அல்ல. நீண்ட தூரம் பஸ்ஸில் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். பாட்டில் மடியில் இருக்கும், மூடி திறக்காது. தொண்டை வறண்டால் அரை மிடறு, நாக்கு நனைய. அவ்வளவுதான். காலையில் காபியைக்கூட வேண்டாம் என்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏன் என்று ஆண் நண்பர்கள் கேட்கக்கூடும். உங்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது, அண்ணா! எங்களுக்கு?

பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ரெக்சின் சீட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்த காற்று, கொல்லன் பட்டறைத் துருத்திக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல். நின்றுகொண்டு வந்தவர்கள் மேலே இருந்த கம்பியைத் துண்டு சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

வழியில் ஒரு பெரிய ஊர். பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நிற்கும் என்றார் கண்டக்டர். இறங்கி ஓடினேன். பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசை. வாங்குவதற்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஐந்து ரூபாய். உள்ளே நான்கு கதவுகள். இரண்டு பூட்டிக் கிடந்தன. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்றில் தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. மற்றதைச் சொல்ல வேண்டாம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா, "கதவைக் கொஞ்சம் புடிச்சுக்கம்மா" என்று என்னிடம் கேட்டார். பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அப்படியே திரும்பி ஓடிவந்து ஏறினேன். அதற்குப் பிறகு பாட்டிலைத் திறக்கவே இல்லை.

மூன்றரை மணிக்கு மேல் தலை இடித்தது. வயிற்றைப் புரட்டியது. கால் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. பக்கத்துச் சீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி இருந்தார். அவர் முகம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. "ஏத்தா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே..." என்று அவர் சொன்னது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கண் திறந்தபோது ஒரு வேப்ப மரத்தடியில் இருந்தேன். பஸ்ஸை ஓரங்கட்டியிருந்தார் டிரைவர். என் துப்பட்டாவை என் பாட்டில் தண்ணீரிலேயே நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் போட்டிருந்தார் பாட்டி. கண்டக்டர் அண்ணன் தன் டிக்கெட் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். யாரோ உப்புப் போட்ட மோர் கொடுத்தார்கள். நான் தெளிந்து உட்கார்ந்ததும் பாட்டி சொன்னார்:

"தண்ணி பாட்டில மடியில வச்சுக்கிட்டு மயங்கி விழுந்த புள்ளைய இன்னைக்குத்தான்த்தா பாக்குறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டி குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"எனக்குத் தெரியாதாக்கும்? நானும் காலையில இருந்து ஒரு சொட்டு குடிக்கலத்தா."

தோழர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊர் வந்து சேர்ந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள், முதலாண்டு இயற்பியல் நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஐம்பத்தைந்து பேர் உட்கார்ந்த பஸ்ஸில் அது ஐந்தரை கிலோவாட். ஒரு கிலோவாட் அயர்ன் பாக்ஸ் ஐந்தரை எண்ணத்தை உள்ளே போட்டுவிட்ட மாதிரி! வெளிக்காற்று உடம்பை விடக் குளிர்ச்சியாக இருந்தால் அந்த வெப்பம் தானாகப் போய்விடும். காற்றே உடம்பு அளவுக்குச் சூடாகிவிட்டால் ஒரே ஒரு வழிதான் மிச்சம். வியர்வை ஆவியாக வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே தத்துவம்.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 100 வாட் என்றால் மணிக்கு 360 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 150 மில்லி. அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு தன் சொந்தச் சூட்டை வெளியேற்ற மட்டுமே இவ்வளவு வேண்டும். வெயில் அடிப்பது, அனல் காற்று, எஞ்சின் சூடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. மயங்கி விழும் வரை ஒன்பது மணி நேரப் பயணம். குறைந்தது 1,350 மில்லி உடம்பை விட்டுப் போயிருக்கும். நான் குடித்தது அரை டம்ளர் இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்!

இது ஏதோ ஒரு பெண் மயங்கி எழுந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். எழாதவர்களும் உண்டு. 2015-ல் அடித்த வெப்ப அலையில் இந்தியாவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும். 2019 ஜூன் 10-ஆம் தேதி டெல்லியில் 48 டிகிரி. அன்றைக்கு, காசி, ஆக்ரா எல்லாம் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாத்திரைக் குழுவில் நான்கு முதியவர்கள், கேரளா எக்ஸ்பிரஸின் சாதாரண ஸ்லீப்பர் பெட்டியில் ஜான்சி அருகே வெயில் கொடுமை தாங்காமல் சுருண்டு விழுந்து உயிரை விட்டார்கள். காசிக்குப் போய்விட்டு வீடு திரும்பிய நம் ஊர்ப் பெரியவர்கள்!

"வெயில் காலம்னா அப்படித்தான், தலையெழுத்து" என்று சொல்வது நம்மவர் வழக்கம். தலையெழுத்து இல்லை என்பதற்கு அகமதாபாத் சாட்சி. 2010 மே மாத வெயிலில் அடிபட்ட பிறகு, அந்த நகரம் 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டமே போட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை, குடிதண்ணீர், மருத்துவமனைகளைத் தயார் செய்தல் என்று. நம் தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் பேரிடர். நல்லது, பாராட்டுவோம். ஆனால் பேரிடர் நிவாரணம் எங்கே தொடங்க வேண்டும்? செத்த பிறகு கொடுக்கும் பணத்திலா? இல்லை, தண்ணீர் குடிக்கத் தைரியம் கொடுக்கும் இடத்திலா?

முன்காலத்தில் நம் ஊரில் வெயிலில் நடந்தே போனவர்களுக்கு என்னென்ன இருந்தது என்று பாருங்கள். ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளின் ஓரம் மரங்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு சத்திரம். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். அந்தக் கல்லைப் பல ஊர்களில், கர்ப்பிணியாக இருந்து இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டார்கள். சுமக்க முடியாமல் போனவளுக்காகச் சுமக்கிறவர்களுக்கு ஓர் உதவி! எவ்வளவு பெரிய மனசு அது. இன்றைக்கு நாம் என்ன செய்தோம்? நாற்கரச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டினோம். நிழற்குடை என்று பெயர் வைத்துத் தகரத்தையும் எஃகையும் போட்டோம். மதியம் இரண்டு மணிக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிழற்குடையா தோசைக்கல்லா என்று.

மோர்ப்பந்தலைச் சொல்வீர்கள். சித்திரை பிறந்தால் ஊருக்கு ஊர் பந்தல் போடுகிறார்கள், உண்மைதான். திறப்பு விழா அன்று தர்ப்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, போட்டோ. பத்தாம் நாள் காலிப் பானையும் கிழிந்த பேனரும். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. பத்து நாளாவது கொடுத்தார்களே! என் வருத்தம் வேறு. தண்ணீர் கொடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குடித்தவர்கள் பிறகு எங்கே போவார்கள் என்று யோசிக்கிறவர் ஒருவரும் இல்லை.

2021-லிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எத்தனையோ பெண்களுக்கு வெளியே போய்வரத் தெம்பு கொடுத்த விஷயம் அது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பஸ்ஸில் காசில்லாமல் வந்து இறங்கும் அம்மா, அன்று நான் பார்த்த மாதிரி நிலையத்தில் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவளும் குடிப்பதில்லை.

"ஏ.சி. பஸ்ல போக வேண்டியதுதானே?" என்றார் ஒரு நண்பர். போகலாம், பணம் இருந்தால். "ராத்திரியில போலாமே?" என்றார் இன்னொருவர். மகளைத் தனியாக ராத்திரி பஸ்ஸில் அனுப்ப எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? "அவ்ளோ தூரம் போகாம இருக்கலாமே" என்றார் மூன்றாமவர். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. படிக்க வந்திருக்கிறோமே, அதற்கே எங்கள் ஊரில் இந்தப் பேச்சைத்தான் கேட்டுவிட்டு வந்தோம்.

நம் டிரைவர், கண்டக்டர் அண்ணன்மாரையும் மறந்துவிடக் கூடாது. நாம் ஒரு நாள் போகிறோம். அவர்கள் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே கத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்காக ஓரங்கட்டிய டிரைவர் அண்ணனின் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இனி, என்னதான் செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் டிப்ளமா படிப்பதற்கு அர்த்தமில்லை.

பயணம் போகும் தோழிகளுக்கு முதலில். முடிந்தால் விடியும் முன் கிளம்புங்கள். பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கேயாவது நிழலில் இருக்கப் பாருங்கள். தெற்கே போகும் பஸ்ஸில் காலையில் வலது பக்கமும் மதியத்துக்கு மேல் இடது பக்கமும் உட்கார்ந்தால் வெயில் நேரே அடிக்காது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. யாராவது வெயிலில் உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் நனைத்து, விசிறி, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆனால் "குடி, குடி" என்று சொல்வது மட்டும் போதாது என்பதுதானே என் வாதமே! அதனால் நம் மாணவர் மன்றத்துக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று. நம் கல்லூரி மாணவர்கள் எந்தெந்த ஊர் வழியாக வீட்டுக்குப் போகிறோமோ, அந்தப் பேருந்து நிலையங்களின் பெண்கள் கழிப்பறையை நாமே கணக்கெடுப்போம். எத்தனை கதவு, எத்தனை தாழ்ப்பாள், தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, எவ்வளவு வாங்குகிறார்கள்? சர்வே எடுக்கக் கற்றவர்கள்தானே நாம்! அந்தப் பட்டியலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுப்போம்.

இரண்டு. நம் கல்லூரி எதிரே இருக்கும் நிழற்குடையை நாமே திருத்துவோம். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்போம், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மேற்குப் பக்கம் ஒரு புங்கை, ஒரு வேம்பு. உள்ளே ஒரு மண்பானை. கத்திரி முடியும் வரை தினமும் யார் நிரப்புவது என்று பெயர்ப் பட்டியல் போட்டு ஒட்டுவோம். போட்டோ வேண்டாம்.

மூன்று. ஒரு தாழ்ப்பாள் என்ன பெரிய சங்கதி? நம் ஒர்க்‌ஷாப்பில் முதலாண்டு மாணவன் தகட்டை வெட்டி, துளை போட்டு, ராவி எடுக்கும் ஒரு ஜாப். மதிப்பெண் போட்டதும் அது மூலையில் துருப்பிடிக்கிறது. இந்த வருஷம் மெக்கானிக்கல் நண்பர்கள் அந்த ஜாப்பைத் தாழ்ப்பாளாகவே செய்து கொடுங்கள். முறைப்படி அனுமதி வாங்கி நாம் போய்ப் பொருத்துவோம். தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நாளைக்கு நம்மில் பலர் சாலை போடுவோம், பேருந்து நிலையம் கட்டுவோம், பஸ் பாடி கட்டுவோம். பிளான் வரையும்போது மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து "கழிப்பறை" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு பயமில்லாமல் நிற்க முடியுமா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். சுமைதாங்கிக் கல்லை நட்டவர்கள் நினைத்தார்கள்.

இந்த மே மாதமும் நான் அதே பஸ்ஸில்தான் ஊருக்குப் போவேன். அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் பாட்டிலைத் திறந்து முதலில் அவரிடம் நீட்டுவேன். "குடிங்க பாட்டி, வழியில ஒரு நல்ல இடம் இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

அந்த இடத்தை உண்டாக்குவோமா, தோழர்களே?